கணிப்பொறிக்குள் ஒரு கணிப்பொறி

ஒரு கணிப்பொறியின் உள்ளே மற்றொரு கணிப்பொறி குடியிருத்தல் கூடுமோ? கூடும். மென்பொருளின் திறத்தால் ஒரு பொறி தன் நினைவகத்திலும் வட்டிலும் ஒரு பகுதியை ஒதுக்கி, அதனைத் தனியொரு கணிப்பொறி போலவே இயங்கச் செய்கிறது. இதனை மெய்நிகர் கணிப்பொறி என்பர். இக்கருத்துப் புதியதன்று. அமெரிக்க நாட்டின் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1967-ஆம் ஆண்டிலேயே சி.பி.-40 என்னும் அமைப்பின் வாயிலாக இதனை நடைமுறைக்குக் கொணர்ந்தனர். இன்றோ, 'வர்ச்சுவல் பாக்ஸ்' என்னும் மென்பொருளை விலையின்றிப் பெற்று, மாணவரும் தம் பொறியில் இதனை அமைத்துக்கொள்ளலாம். இடங்கொடுக்கும் பொறியை ஓம்பு பொறி என்றும், அதனுள் வாழ்வதை விருந்துப் பொறி என்றும் இப்பாடத்தில் வழங்குவோம்.

மாணவன் ஒருவன், விண்டோஸ் இயங்கும் ஓம்பு பொறிக்குள் லினக்ஸ் இயங்கும் விருந்துப் பொறியை அமைத்து, அதில் ஓர் இணையத்தளத்தை உருவாக்குகிறான் என்று கொள்வோம். விருந்துப் பொறியிலிருந்து உலகின் எத்தளத்தையும் அவன் காண்கிறான். ஆயின், தான் உருவாக்கிய தளத்தை ஓம்பு பொறியிலிருந்து காண இயலவில்லை. கடல் கடந்த தளம் எட்டுகிறது. ஒரே பெட்டிக்குள் இருப்பது எட்டவில்லை. இவ்விந்தைக்குக் காரணம் யாது?

மாணவர் விடுதி ஒன்றை நினைத்துப் பாருங்கள். மாணவர் எழுதும் கடிதங்களையெல்லாம் விடுதித் தலைவர் தம் பெயராலேயே அனுப்புகிறார். மறுமொழி வந்தால், எழுதியவர் யார் என்பதை நினைவில் வைத்திருந்து உரியவரிடம் சேர்ப்பிக்கிறார். முன்பின் தொடர்பின்றி வெளியாள் ஒருவர் எழுதும் கடிதமோ யாருக்கு உரியது என்று அறியப்படாமல் வாயிலிலேயே நின்றுவிடும். வர்ச்சுவல் பாக்ஸ் இயல்பாக மேற்கொள்ளும் 'நேட்' என்னும் முறை இத்தகையதே. அம்முறையில் விருந்துப் பொறிக்கு 10.0.2.15 என்னும் முகவரி கிடைக்கும். அம்முகவரி விடுதிக்குள் மட்டுமே செல்லும் அறை எண் போன்றது. ஓம்பு பொறிக்கு அதனால் பயனில்லை. எனவே, பழுது எதுவும் நேராதிருக்கும்போதே பழுதுபோலத் தோன்றும் நிலை இது.

இதற்கு மாற்று உண்டு. ஓம்பு பொறியின் இன்ன வாயிலுக்கு வருவதை விருந்துப் பொறியின் இன்ன வாயிலுக்கு அனுப்புக என்று விடுதித் தலைவருக்கு முன்னரே சொல்லிவைக்கலாம். இது 'போர்ட் பார்வர்டிங்' எனப்படும். அன்றி, 'ஹோஸ்ட் ஒன்லி' என்னும் இரண்டாவது இணைப்பைச் சேர்க்கலாம். கற்பவர்க்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. இருவருக்கும் இடையே தனித்தெரு ஒன்று அமைந்துவிடுகிறது அன்றோ? அத்தெருவில் ஓம்பு பொறி வழக்கமாக 192.168.56.1 என்னும் எண்ணையும், விருந்துப் பொறி 192.168.56.101 போன்ற எண்ணையும் பெறும். எண் 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்குவார் எவரையும் காணாமல் பொறி தானே ஓர் எண்ணைச் சூடிக்கொண்டது என அறிக.

முகவரி சரியாக இருப்பின், 'பிங்' என்னும் கட்டளையால் குரல் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஓம்பு பொறி அழைத்தால் விருந்துப் பொறி மறுமொழி தருகிறது. விருந்துப் பொறி அழைத்தால் ஓம்பு பொறி வாய் திறப்பதில்லை. இது கண்டு மயங்குவோர் பலர். விண்டோஸின் தீயரண் இத்தகைய அழைப்புகளைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பாதை அறுந்துவிட்டது என்பது இதன் பொருளன்று. இவ்விடத்தில் சிலர் பொறுமையிழந்து தீயரணை முற்றும் நீக்கிவிடுவர். அது தகாது. தொடர்வண்டி நிலையத்திலோ நூலகத்திலோ பொது வலையமைப்பில் அப்பொறியை இணைக்கும் நாளில், காவலற்ற வாயில்கள் அயலார்க்குத் திறந்து கிடக்கும். வேண்டிய ஓர் அழைப்புக்கு மட்டும் இசைவு கொடுத்தலே முறை.

குரல் எட்டியும் தளம் தோன்றவில்லையெனில், தளத்தை வழங்கும் மென்பொருளை நோக்குதல் வேண்டும். பயிற்சிக்குரிய மென்பொருள்கள் பல 127.0.0.1 என்னும் முகவரியில் மட்டுமே செவிசாய்த்திருக்கும். அஃது ஒவ்வொரு பொறியும் தன்னைத்தானே குறிக்கும் எண். பிறர் அழைப்பு அதன் செவியில் விழாது. அதனை 0.0.0.0 என மாற்றினால், தனக்குரிய எல்லா முகவரிகளிலும் அது செவிசாய்க்கும். மாணவனின் தளமும் ஓம்பு பொறியின் திரையில் தோன்றும்.