செவி கேளாத பிள்ளைக்கும் கதை வாசிப்போம்

பிள்ளையின் செவிப்புலனில் குறைபாடு உண்டென வைத்தியர் கூறியதும் பல வீடுகளில் ஒரு மாற்றம் நிகழ்ந்துவிடுகின்றது. அதுவரை தாலாட்டியும் கதை சொல்லியும் வந்த பெற்றோர் மெல்ல மெல்ல மௌனமாகி விடுகின்றனர். கேட்காத பிள்ளைக்குப் பேசி என்ன, வாசித்து என்ன என்ற எண்ணமே அதற்குக் காரணமாகும். கவலையில் பிறக்கும் அவ்வெண்ணத்தில் நாம் குற்றங்காண முற்படவில்லை. ஆயினும், அப்பிள்ளைக்கு நேரக்கூடிய மிகப்பெரிய இழப்பு அந்த மௌனத்திலிருந்துதான் ஆரம்பமாகின்றது என்பதை எடுத்துரைப்பது எமது கடமையாகின்றது.

உலகில் 43 கோடிக்கும் மேற்பட்டோர் சிகிச்சையோ புனர்வாழ்வோ தேவைப்படும் அளவுக்குச் செவிப்புலன் குன்றியவர்கள் என்றும், அவர்களில் 3 கோடியே 40 இலட்சம் பேர் சிறுவர்கள் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. சிறுவர்களுக்கு ஏற்படும் செவிப்புலன் இழப்பில் சுமார் 60 சதவீதம் தடுக்கக்கூடியது என்பதும் அவ்வறிக்கையின் கணிப்பாகும். இவ்விடயத்தில் இலங்கை பெருமைப்படவும் இடமுண்டு. கருவிலுள்ள சிசுவின் செவிப்புலனைப் பறிக்கவல்ல ருபெல்லா நோயை ஒழித்த நாடாக 2020ஆம் ஆண்டில் எமது நாடு அறிவிக்கப்பட்டது. எனினும், ஏனைய காரணங்களால் செவிப்புலன் குன்றிப் பிறக்கும் பிள்ளைகள் எம்மத்தியில் இருக்கவே செய்கின்றனர்.

இப்பிள்ளைகளை வாட்டுவது நிசப்தம் மட்டுமன்று; மொழியின்மையே அதனிலும் கொடியது. புதுக்கடையிலோ வாழைத்தோட்டத்திலோ வளரும் செவி கேட்கும் பிள்ளை, எவரும் இருத்தி வைத்துக் கற்பிக்காமலே, அயல்வீட்டுப் பேச்சிலிருந்தும் கடைப் பேரத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான சொற்களைப் பொறுக்கிக்கொள்கின்றது. செவி கேளாத பிள்ளைக்கு இந்த இலவசக் கல்வி கிட்டுவதில்லை. அதற்கு ஒவ்வொரு சொல்லையும் எவராவது முகம் பார்த்துக் கொடுத்தாக வேண்டும். அவ்வாறு கொடுப்பதற்கு மடியில் விரித்து வைத்த ஒரு படக்கதைப் புத்தகத்தைவிடச் சிறந்த இடம் வேறில்லை. படம் பொருளைக் காட்டுகின்றது. தாயின் முகமும் கையும் அப்பொருளுக்கு மொழியைத் தருகின்றன.

இதில் காலம் முக்கியமானது. 6 மாதத்திற்கு முன்னரே குறைபாடு கண்டறியப்பட்டு உதவி பெற்ற பிள்ளைகளின் மொழித்திறன், பின்னர் கண்டறியப்பட்டோரைவிடத் தெளிவாகவே மேம்பட்டிருந்ததை அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டீன் யோஷினாகா-இட்டானோவும் அவரது குழுவினரும் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முதல் மாதத்திற்குள் பரிசோதனை, மூன்றாம் மாதத்திற்குள் நோய்நிர்ணயம், ஆறாம் மாதத்திற்குள் உதவி என்பதே இன்று நிபுணர்கள் வகுத்துள்ள நெறியாகும். 'ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசும்' என்று மூத்தோர் கூறும் ஆறுதலை நம்பிக் காத்திருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்து புலனாகும்.

செவி கேளாத பிள்ளைக்கு வாசிப்பது எவ்வாறு? வொஷிங்டனில் உள்ள கலோடெற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஷ்லெப்பர், செவி கேளாத பெரியவர்கள் தம் பிள்ளைகளுக்கு வாசிக்கும் முறையை அவதானித்து 1990களில் 15 நெறிகளைத் தொகுத்தளித்தார். அவற்றின் சாரம் எளிமையானது. செவி கேட்கும் பிள்ளை படத்தைப் பார்த்தவாறே கதையைக் கேட்கும். செவி கேளாத பிள்ளையால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது. ஆகவே, முதலில் படத்தைப் பார்க்க விட வேண்டும். பிள்ளை நிமிர்ந்து முகத்தைப் பார்க்கும் வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே சொல்ல வேண்டும். தோளை மெல்லத் தட்டி அழைக்கலாம். சைகையைப் படத்தின் மீதே செய்து காட்டலாம். வடையைத் தூக்கிய காகத்தின் கதையாயின், சமையலறை வடையைக் கையில் கொடுத்து ஆரம்பிக்கலாம். காகமாகவும் நரியாகவும் நடித்துக் காட்டலாம். பிள்ளை கேட்டால் ஒரே புத்தகத்தைப் பத்து முறையாயினும் சலிக்காமல் வாசிக்க வேண்டும்.

செவிப்புலன் கருவியோ, உட்செவியில் பொருத்தப்படும் கொக்லியர் கருவியோ அணிந்த பிள்ளையாயின் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இக்கருவிகள் பேச்சுடன் சேர்த்து இரைச்சலையும் பெருக்கித் தரக்கூடியவை. நீதிமன்ற வீதிகளின் வாகன இரைச்சல் வீட்டுக்குள்ளேயே புகும் புதுக்கடை போன்ற இடங்களில், வாசிக்கும் வேளையில் தொலைக்காட்சியை நிறுத்தி, தெருப்பக்க யன்னலைச் சாத்தி, பிள்ளைக்கு மிக அருகில் அமர்வது அவசியம். வெளிச்சம் வாசிப்பவரின் முகத்தில் விழ வேண்டும். உரத்துக் கத்துவது உதட்டசைவைக் குலைக்குமேயன்றிப் பயன் தராது.

எந்த மொழியில் வாசிப்பது என்ற வினா தலைநகரத் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்குப் பெரும் சங்கடமாகும். கொழும்பில் சிகிச்சையும் சைகை மொழிப் பயிற்சியும் பெரும்பாலும் சிங்களத்தின் வழியாகவே கிடைப்பதால், வீட்டு மொழியையே கைவிட எண்ணும் பெற்றோர் உண்டு. அம்மாவோ உம்மாவோ தமக்குத் தடுமாற்றமின்றி வரும் மொழியில் வாசிக்கும்போதே பிள்ளைக்கு நிறைவான மொழி கிடைக்கின்றது. சைகை மொழியைக் கற்றால் பேச்சு வராது என்ற அச்சமும் தேவையற்றது. பிள்ளைக்கு விளங்கும் ஒரு மொழி காலத்தோடு கிடைப்பதே முதன்மையானது.

இந்நாட்டில் செவிப்புலனற்றோர் கல்வி புதியதன்று. மேரி சப்மன் அம்மையார் 1912ஆம் ஆண்டில் தொடக்கிய பாடசாலை இரத்மலானையில் ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றது. தமிழ்மொழிப் பிள்ளைகளுக்கு 1956ஆம் ஆண்டு முதல் கைதடி நஃபீல்ட் பாடசாலை பணியாற்றி வருகின்றது. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடம் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானத்தில் பட்டதாரிகளை உருவாக்குகின்றது. ஆனால், தமிழில் பணியாற்றக்கூடிய சிகிச்சையாளர்களின் தொகை தேவைக்குப் போதுமானதாக இல்லை.

பிறந்த ஒவ்வொரு சிசுவுக்கும் செவிப்புலன் பரிசோதனை, தமிழ் பேசும் சிகிச்சையாளர்களின் நியமனம், பெற்றோருக்குத் தமிழ்வழிச் சைகை மொழி வகுப்பு ஆகிய மூன்றையும் சுகாதார, கல்வி அதிகாரிகளிடம் நாம் வலியுறுத்துகின்றோம். குர்ஆன் மத்ரஸாக்களும் அறநெறிப் பாடசாலைகளும் முன்பள்ளிகளும் இப்பிள்ளைகளைப் பின்வரிசையில் ஒதுக்காது, ஆசிரியரின் முகம் தெரியும் முன்வரிசையில் அமர்த்த வேண்டும். வாசிகசாலைகள் படக்கதை நூல்களைத் தாராளமாக இரவல் கொடுக்க முன்வர வேண்டும்.

இவையாவும் நிறைவேறக் காலமெடுக்கலாம். பிள்ளையின் முதல் ஐந்து வயதோ அதற்காகக் காத்திராது. பெற்றோர் இன்றிரவே ஒரு புத்தகத்தை எடுத்து, பிள்ளையை முகத்துக்கு நேரே இருத்தி, முதற் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.