ஐம்பதைத் தாண்டியவர் எழுதும் இரண்டு கடிதங்கள்

கிள்ளான் துறைமுகத்தை அண்டி ஜீவித்துவரும் பண்டமாரானில், கிடங்கிலோ லோரி நிறுவனத்திலோ இருபது ஆண்டுகள் உழைத்து ஐம்பதைத் தாண்டிவிட்ட ஒருவர் புது வேலை தேட நேரும்போது, அவர் எழுதவேண்டியது விண்ணப்பக் கடிதம் ஒன்றுதான் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். ஆனால் அதற்கு முன்பே பழைய முதலாளியின் மேஜைமீது இன்னொரு கடிதம் அவருடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்பதும், பெரும் நஷ்டத்தை விளைவிப்பது அதுவே என்பதும் பலருக்குக் காலம் கடந்தே தெரியவருகின்றன.

"நீங்களாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்துடுங்க அண்ணே, பேர் கெடாது" என்று ஆதரவாகச் சொல்லப்படும் வார்த்தையை நம்பிக் கையெழுத்திட்டவர், ஆட்குறைப்புக்கு ஆளானவராக அல்லாமல், சுயவிருப்பத்தோடு ராஜினாமாச் செய்தவராகவே கருதப்படுவார். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர் ஐந்தாண்டுகளுக்குமேல் பணியாற்றியிருந்தால், ஆட்குறைப்பின்போது ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் வீதம் நஷ்டஈடு பெற 1980-ஆம் ஆண்டின் விதிகள் உரிமை தருகின்றன. இருபது ஆண்டு உழைத்தவருக்கு அது 400 நாள் சம்பளம். 2018 ஜனவரியில் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்தின்கீழ், காப்புறுதி செய்யப்பட்ட சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடும் பின்பு படிப்படியாகக் குறைந்தும் சொக்சோ வழங்கும் உதவித்தொகையும் உண்டு. அவ்விரண்டையும் அந்த ஒரு கையெழுத்து பறித்துவிடக்கூடும்.

ஐம்பத்தைந்து ஆகிவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்ற பழைய எண்ணமும் இன்னும் நம்மவரை விட்டபாடில்லை. சேமநிதிப் பணத்தை எடுக்கும் வயதுதான் ஐம்பத்தைந்து; 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அதற்கு முன் வயதைக் காரணங்காட்டி ஓய்வில் அனுப்பும் முதலாளிக்கு 10,000 ரிங்கிட்வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

வேலையிலிருப்பவருக்கு இவ்வளவு பாதுகாப்பளிக்கும் சட்டம், வேலை தேடி வாசலில் நிற்பவரை வயதுக்காகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று தெளிவாக விதிக்கவில்லை. எனவேதான் அவருடைய விண்ணப்பக் கடிதம் அத்தனை பாரத்தையும் தானே சுமக்கவேண்டியிருக்கிறது. "எனக்கு வயது ஐம்பத்தாறு ஆனாலும் உடம்பு நன்றாயிருக்கிறது, எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்" என்று தொடங்கும் கடிதம், கேட்பவர் கேளாத சந்தேகத்தைத் தானே எழுப்பிவிடுகிறது. அதே மனிதர், "இரவு ஷிப்டில் கொள்கலன் சரக்கை இறக்கிக் கணக்கெழுதி, கையிருப்பு குறையாமல் ஒப்படைத்துவந்தேன், போர்க்லிப்ட் ஓட்டச் சான்றிதழ் உண்டு, வருகிற திங்கட்கிழமையே வேலையில் சேரமுடியும்" என்று எழுதினால், வயது அங்கே அனுபவமாக மாறி நிற்கிறது. மகளிடம் சொல்லித் தட்டச்சு செய்விப்பவர்கள், மாதிரிக் கடிதத்தைப் பெயர்த்தெழுத விடாமல், தாம் செய்த வேலையைத் தம் வாயாலேயே சொல்லவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அடையாள அட்டை எண்ணைக் கடிதத்தில் எழுதவேண்டிய அவசியமில்லை. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், தேதி ஆகையால், வயதைச் சொல்லாமல் விட்டவரும் அவ்விடத்தில் சொல்லிவிட்டவராகிறார். அன்றியும், அட்டையின் நகலையும் வங்கிக் கணக்கையும் முன்பணத்தையும் கேட்டு வேலை தருவதாக ஏமாற்றுவோர் கைக்கு அது போய்ச் சேர்வதும் ஆபத்து. பணம் பறிபோனது தெரிந்த உடனே 997 என்ற எண்ணுக்கு அழைக்கவேண்டும்.

ஓய்வு வயதுக்கு முன் அனுப்பப்பட்டதாகத் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யவும், நியாயமின்றி நீக்கப்பட்டதாகத் தொழில் உறவு இலாகாவில் முறையிடவும், சொக்சோவில் உதவித்தொகைக்கு மனுச் செய்யவும் தவணை 60 நாள்தான். வேலை போன தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். எழுதிவைத்த கடிதம் எதுவானாலும், வீட்டுக்கு எடுத்துவந்து நிதானமாகப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.