உளவுத் தலைவருக்கு எது அதிகாரம்?

நாட்டின் உளவுத் தலைவர் ஒற்றர்களை ஏவுபவர் மட்டுமல்ல. போலீஸ், ராணுவம், நிர்வாகம் என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒன்றுசேர்த்து, மெய்யா பொய்யா என்று எடைபோட்டு, ஆட்சியாளரிடம் உள்ளபடி சொல்வதே அவருடைய தலையாய வேலை. அது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மலாயாவின் பேராக் மாநிலம் பட்டறிந்தது.

1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. ஜான் டாலி தலைமையிலான மலாயா பாதுகாப்புச் சேவை முன்கூட்டியே எச்சரிக்கவில்லை என்று பழி சுமத்தப்பட்டு, ஆகஸ்டில் கலைக்கப்பட்டது. சீன மொழி அறிந்த அதிகாரிகள் அதில் மிகக் குறைவு. அதன் பொறுப்பு போலீஸ் குற்றப் புலனாய்வுத் துறையில் இருந்த சிறப்புப் பிரிவுக்குப் போனது.

யார் எவர் என்று பிரித்தறியத் தகவல் இல்லாத அரசு, சந்தேகப்பட்டவர்களை மொத்தமாகப் பிடித்து விசாரணையின்றி அடைத்தது. தோட்டத் தமிழர்கள் நம்பியிருந்த தொழிற்சங்கமும் நொறுங்கியது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். சமூகம் இன்னும் மறக்காத இழப்பு அது.

இந்திய உளவுத்துறையில் பணியாற்றிய வில்லியம் ஜென்கின் 1950இல் வந்து உளவு இயக்குநரானார். போலீஸ் ஆணையர் கிரேயோடு அதிகார இழுபறி; 1951லேயே விலகிவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் உயர் ஆணையர் கர்னி, ஃபிரேசர் மலைக்குச் செல்லும் பாதையில் கொல்லப்பட்டார்.

அவருக்குப் பின் 1952இல் உயர் ஆணையராக வந்த டெம்ப்ளர் செய்த மாற்றம் எளிமையானது, ஆனால் ஆழமானது. ஜாக் மோர்ட்டன் உளவு இயக்குநராக்கப்பட்டார். படைக்கோ போலீசுக்கோ உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. எல்லாத் துறைகளின் அறிக்கைகளும் அவரிடம் வரும். அவர் டெம்ப்ளரிடம் நேரே பேசலாம். அந்த நேர்வழிதான் அவருடைய பலம். சிறப்புப் பிரிவு குற்றப் புலனாய்விலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டு, அதிகாரிகளுக்குப் பயிற்சிப் பள்ளியும் வந்தது. ராணுவ உளவு அதிகாரிகள் அப்பிரிவின் அலுவலகங்களிலேயே அமர்ந்து, கிடைத்த செய்தியைப் படைகளுக்குப் பயன்படும்படி மாற்றிக் கொடுத்தனர்.

சீர்திருத்தம் தகவலைச் சீர்படுத்தியதே தவிர, தடுத்து வைக்கும் அதிகாரத்தைத் தொடவில்லை. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. விசாரணையற்ற காவலுக்கு இடமளித்த அச்சட்டம் 2012இல்தான் நீக்கப்பட்டது.