பீட்டா 86: நல்லதா, கெட்டதா?

நாள் தள்ளிப்போய், கார்டில் இரண்டு கோடு பார்த்து, லேபில் ரத்தம் கொடுத்தால் மாலையே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. ‘பீட்டா எச்.சி.ஜி. 86’. டாக்டரைக் கேட்டால், “ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்போம்மா” என்கிறார். அன்று இரவே தூக்கம் போய்விடும்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. ஒற்றை எண்ணை வைத்து அவராலும் சொல்ல முடியாது. கரு கருப்பையில் ஒட்டிய பிறகு, பின்னால் நஞ்சுக்கொடியாக வளரப்போகும் செல்கள் சுரக்கும் ஹார்மோன் இது. பொதுவாக 5-க்குக் கீழே இருந்தால் கர்ப்பம் இல்லை. 25-க்கு மேல் இருந்தால் கர்ப்பம்தான். அதன் பிறகு கணக்கு விரிந்துகொண்டே போகும். ஐந்தாவது வாரத்தில் 18-ம் இயல்பு, 7,340-ம் இயல்பு என்கின்றன அட்டவணைகள். கருமுட்டை நான்கு நாள் தாமதமாக வெளியாகியிருந்தாலே எண் கால்வாசியாகத் தெரியலாம். அக்காவுக்கு அப்போது எவ்வளவு இருந்தது என்று விசாரிப்பதில் பயனில்லை.

பார்க்க வேண்டியது ஏற்றத்தை. 48 மணி நேரத்தில் இரட்டிப்பாக வேண்டும் என்பார்கள். அது கொஞ்சம் கறாரான கணக்கு. முதல் எண் 1,500-க்குள் இருந்தால் குறைந்தது 49 சதவீதமாவது ஏற வேண்டும் என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் 2018 வழிகாட்டுதல். அதாவது 86 என்பது 130 ஆனாலும் சரிதான். 172 வரவில்லையே என்று அழ வேண்டாம். எண் பெரிதாகப் பெரிதாக ஏற்றம் மெதுவாகும். எட்டு முதல் பதினொரு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே இறங்கும்.

ஏற்றம் இதைவிடக் குறைந்தால் கரு கலைகிறதோ, கருக்குழாயில் தங்கிவிட்டதோ என்ற சந்தேகம் வரும். அப்போதும் உடனே முடிவு கட்டமாட்டார்கள். மறுபடி ரத்தம், பிறகு ஸ்கேன். எண் 3,500-ஐத் தாண்டினால் உள்வழி ஸ்கேனில் கருப்பைக்குள் கருவின் பை தெரிந்தாக வேண்டும். அதற்கு முன்பே ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம்.

இரண்டாவது ரத்தத்தையும் அதே லேபில் கொடுங்கள். லேபுக்கு லேப் எண் மாறும். குழந்தைப்பேறு சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால் அதன் மிச்சமும் சில நாள் ரத்தத்தில் காட்டும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தினம் ஒரு கார்டு வாங்கிக் கோடு அடர்த்தியாகிறதா என்று பார்ப்பது காசுக்குக் கேடு.

காத்திருக்கும் நாட்களில் படுத்தே கிடப்பதால் எண் ஏறாது; மாடிப்படி ஏறியதால் இறங்கவும் செய்யாது. ஆரம்பத்திலேயே கலையும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறால் கலைபவை. “விசேஷமா?” என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்லவும் தேவையில்லை, கணவர், அம்மா என்று மனம் விட்டுப் பேசக்கூடிய ஓரிருவர் போதும்.

ஆனால் அடிவயிற்றில் ஒருபக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், அதிக ரத்தப்போக்கு, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். எண் இறங்கிக்கொண்டிருந்தாலும் கருக்குழாய் வெடிக்கலாம். நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய், “கர்ப்பமா இருக்கேன், கரு எங்கே இருக்குன்னு இன்னும் ஸ்கேன்ல தெரியலை” என்று முதலில் சொல்லுங்கள்.