ஹோவர்டுக்கு வந்த சாவி

“சேரலாமாக்கா?”

அமெரிக்காவில் தத்துவம் முதுகலை படிக்கும் எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவன் போன வாரம் தொலைபேசியில் கேட்டான். அப்பா, அம்மா இருவருக்கும் செங்கல் சூளையில் வேலை. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவன். ‘ஃபை சிக்மா டாவ்’ என்ற சங்கத்தில் உறுப்பினராகலாம் என்று அவனுக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. சேரக் கட்டணமும் உண்டாம். “ஏமாத்து வேலையா இருக்குமோ?” என்பது முதல் சந்தேகம்.

சந்தேகம் நியாயமானதுதான். பாராட்டுச் சான்றிதழ் தருகிறோம் என்று காசு பறிக்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் இது அப்படியல்ல. தத்துவ மாணவர்களுக்கென்று 1930இல் பென்சில்வேனியாவின் மூலன்பர்க் கல்லூரியில் தொடங்கிய சங்கம் இது. 1955இல் இப்போதைய பெயருக்கு மாறியது. இளங்கலை மாணவர் என்றால் மூன்று பருவங்கள் முடித்து, தத்துவத்தில் இரண்டு பாடமாவது படித்து, மொத்த மதிப்பெண்ணில் முதல் 35 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மாணவர்களே எழுதும் ‘டயலாக்’ என்ற ஆய்விதழையும் நடத்துகிறார்கள். அழைப்பு உன் துறை வழியாக, உன் கல்லூரிக் கிளையிலிருந்து வந்ததா என்று பேராசிரியரிடம் கேட்டுக்கொள் என்றேன். கேட்டான். சரிதான் என்றார்களாம்.

அதற்கப்புறம்தான் உண்மையான தயக்கம் வெளியே வந்தது. “நம்ம நாட்டுப் பசங்க ரெண்டு பேரு அதுல இருக்காங்கக்கா. முழுப்பேரு என்னன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

முழுப்பெயர் கேட்பது எதற்கென்று இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரைக் கேட்டு, பிறகு தெருவைக் கேட்கிற அதே பழக்கம் விமானம் ஏறிப் போயிருக்கிறது. 2022 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டு எதிர்ப்புக் கொள்கையில் சாதியையும் சேர்த்தது சும்மா இல்லை.

எனக்கு என் முதுகலை நாட்கள் நினைவுக்கு வந்தன. வகுப்பில் நான்தான் முதல் மதிப்பெண். தமிழ் மன்றச் செயலாளர் பொறுப்புக்குப் பெயர் கொடுத்தேன். “நீ கோலம் போடுற குழுவுல இருந்துக்கம்மா” என்றார் ஆசிரியர். எனக்குக் கோலம் போட வராது. அவருக்கு அது தெரியாதா என்ன? அன்று பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இன்றுவரை அது உறுத்துகிறது.

அதனால் தம்பிக்கு அலெய்ன் லாக்கின் கதையைச் சொன்னேன். 1885இல் பிலடெல்பியாவில் பிறந்த கறுப்பினத் தத்துவவாதி. ஹார்வர்டில் படித்து, அமெரிக்காவின் மிகப் பழைய கல்விச் சிறப்புச் சங்கமான ஃபை பீட்டா கப்பாவில் இடம்பெற்றார். 1776இல் தோன்றிய சங்கம் அது. ஞானத்தின் மீதான காதலே வாழ்க்கைக்கு வழிகாட்டி என்பது அதன் கிரேக்கப் பெயரின் பொருள். அடையாளமாக ஒரு சின்னத் தங்கச் சாவி தருவார்கள். ஞானத்தைக் காதலித்த அந்தச் சங்கம் அடிமை முறை ஒழியும்வரை ஒரு கறுப்பரையும் சேர்த்ததாகத் தெரியவில்லை. அடிமையாகவே பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் ஹென்டர்சனை 1877இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குள் 101 ஆண்டுகள் ஓடிவிட்டன.

1907இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பினத்தவரும் லாக்தான். ஆக்ஸ்போர்டு போனால் பல கல்லூரிகள் இடம் மறுத்தன. கடைசியில் ஹெர்ட்போர்டு கல்லூரி சேர்த்துக்கொண்டது. அங்கிருந்த அமெரிக்க மாணவர்கள் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு அவரை அழைக்கவில்லை. ஹொரேஸ் கேலன் என்ற யூத நண்பர் மட்டும், அவர் இல்லாத விருந்துக்கு நானும் வரமாட்டேன் என்று நின்றார். அவரும் தத்துவம் படித்தவர்தான். இலையைப் போட்டு எழுப்பிவிடும் பந்திகளைப் பார்த்தவர்களுக்கு அந்த மறுப்பின் மதிப்பு புரியும்.

லாக் ஊர் திரும்பி, வாஷிங்டனில் கறுப்பின மக்களுக்காக எழுந்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தார். (ஹார்வர்டு வேறு, ஹோவர்டு வேறு.) 1918இல் ஹார்வர்டில் முனைவர் பட்டமும் பெற்றார். ஆனால் அவர் சட்டையில் தொங்கிய சாவி அவருடைய மாணவர்களுக்குக் கிடைக்க வழியில்லை. கறுப்பர் கல்லூரி எதிலும் அந்தச் சங்கத்துக்குக் கிளை கிடையாது. எவ்வளவு படித்தாலும் வீண். லாக்கும் உடனிருந்த ஆசிரியர்களும் விடாமல் முயன்றார்கள். 1953இல் ஃபிஸ்க், ஹோவர்டு இரண்டிலும் கிளைகள் திறந்தன. அந்த ஆண்டுதான் லாக் பணி ஓய்வு பெற்றார். மறு ஆண்டு இறந்தார்.

“அம்பேத்கரும் அமெரிக்காவுல தத்துவம் படிச்சாரா?” என்று கேட்டான் தம்பி. 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் இருந்தபோது ஜான் டூயியின் வகுப்புகளில் உட்கார்ந்தவர்தான் அவர். 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ உரையில் டூயியைத் தன் ஆசிரியர் என்றே குறிப்பிடுகிறார். தத்துவம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் அந்த உரையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். கல்லூரி நூலகங்களில் கிடைக்கும்.

நேற்று முன்தினம் தம்பி மறுபடியும் அழைத்தான். கட்டணத்தைக் கட்டிவிட்டானாம். சான்றிதழில் பெயர் எப்படி வரவேண்டும் என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். முதலெழுத்தாக இருந்த அப்பாவின் பெயரை முழுசாக எழுதிக் கொடுத்திருக்கிறான். சூளையில் இருந்த அப்பாவிடம் போனில் சொன்னபோது, “எழுத்து சரியாப் போட்டாங்களான்னு பாத்துக்க” என்றாராம்.