ரோந்தை நிறுத்திப் பார்த்தார்கள்

போலீஸ் திட்டமிடல்னாலே 'இன்னும் நாலு ரோந்து வண்டி' என்பதில்தான் போய் முடியும். அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டி போலீஸ் அதையே 1972 அக்டோபரில் தொடங்கி ஓராண்டு சோதித்தது. 15 ரோந்துப் பகுதிகள். ஐந்தில் வழக்கமான ரோந்து கிடையாது, கூப்பிட்டால் மட்டும் வண்டி வரும், ஐந்தில் பழையபடி, மீதி ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு. நம்ம ஏ/பி டெஸ்டேதான். குற்றம், மக்களின் பயம் எதிலும் பெரிய வித்தியாசமில்லை.

உடனே 'அப்போ போலீசே வேண்டாமா?' என்று தாவக்கூடாது. கூப்பிட்ட இடத்துக்கு வண்டி வந்துகொண்டுதான் இருந்தது. பதினைந்து பகுதி என்பதும் சின்ன சாம்பிள். தோற்றது, பரவலாகச் சுற்றிவரும் ரோந்துதான்.

1988 இறுதியில் மினியாபொலிஸில், குற்றம் குவியும் 110 இடங்களைப் பொறுக்கி, பாதிக்கு மட்டும் கூடுதல் ரோந்து கொடுத்தார்கள். அங்கே குற்ற அழைப்புகள் ஓரளவு குறைந்தன.