தொட்டியில் ஒரு மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால்

தீனி போட மூடியைத் திறந்ததும் மேலே ஓடிவரும் கூட்டத்தில் ஒன்று மட்டும் வரவில்லை என்றால், கவனிக்கத் தொடங்க வேண்டிய நேரம் அதுதான். அந்த மீன் ஹீட்டருக்குப் பின்னாலோ ஃபில்டர் ஓரத்திலோ தனியாக நிற்கும். முதுகுத் துடுப்பு விரியாமல் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். செவுள் வேகவேகமாக அடிக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால், திடீரென்று பாய்ந்து, பக்கவாட்டில் கூழாங்கல்லில் உரசிவிட்டு, பழைய இடத்துக்கே போய் நின்றுகொள்ளும். உடம்பில் புள்ளியோ புண்ணோ கண்ணுக்குத் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இவ்வளவும் நடந்துவிடும்.

இதைப் பார்த்ததும் பலர் கடைக்கு ஓடுகிறார்கள். நீல நிற மெத்திலீன் ப்ளூ பாட்டிலை வாங்கிவந்து, கண் அளவில் சில சொட்டுகளை விட்டுவிட்டு நிம்மதி அடைகிறார்கள். கப்பி, மாலி, ஏஞ்சல், டெட்ரா, கௌராமி, அடியில் மேயும் கோரிடோராஸ் என்று பல இனங்கள் சேர்ந்து வாழும் தொட்டியில் இந்த அவசரம் நோயைவிட அதிகச் சேதம் செய்யக்கூடும். ஒரு மீனைக் காப்பாற்றப் போட்ட மருந்து ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிட்டால், மறுநாள் மூச்சுத் திணறப்போவது மற்ற எல்லா மீன்களும்தான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. மீன் வெளியேற்றும் அம்மோனியா, மிஞ்சிப்போய் அழுகும் தீனி, மீனின் கழிவு எல்லாமே அது மூச்சுவிடும் தண்ணீரில்தான் கலக்கின்றன. ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்த ஏற்பாடு நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். வாங்கிய அன்றே தொட்டியை நிரப்பி, அன்று மாலையே பத்து மீன்களை விட்டால், இரண்டாவது வாரத்தில் ஒவ்வொன்றாகச் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சொட்டு மருந்து போல வரும் டெஸ்ட் கிட் கடைகளில் கிடைக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அம்மோனியா எவ்வளவு நஞ்சாகும் என்பது தண்ணீரின் பிஎச் அளவைப் பொறுத்தது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பிஎச் 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் நஞ்சு வடிவத்தில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். காரத்தன்மை கூடிய போர்வெல் தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகளில், கிட்டில் கொஞ்சமாகத் தெரியும் அம்மோனியாகூட மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும்.

அளவு கூடியிருந்தால் உடனடி வைத்தியம் எளிமையானது: கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரை எடுத்துவிட்டு, அதே வெப்பநிலையில் உள்ள புதுத் தண்ணீரை ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக்கும் சொட்டு மருந்தைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். அதோடு, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிடித்துப் பளிச்சென்று கழுவும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். குளோரின் பட்டால் பாக்டீரியா அழியும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் ஊற்றி, அதில் பஞ்சை இரண்டு முறை பிழிந்தால் போதும்.

தண்ணீர் சரியாக இருந்தும் மீன் தேறவில்லை என்றால்தான் நோய் எது என்று தேட வேண்டும். அப்போதும் மருந்தின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: அந்த மீனை மட்டும் தனியே எடுப்பதா, தொட்டி முழுவதற்கும் சிகிச்சை செய்வதா? வீட்டு மீன் வளர்ப்பில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நேர்கின்றன.

வெண்புள்ளி நோய் இதற்கு நல்ல உதாரணம். உடம்பிலும் துடுப்பிலும் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் அதிகம் சந்திக்கும் நோய் இது. இதை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்கு 1876-லேயே பிரெஞ்சு ஆய்வாளர் ஃபூகே அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். ஒரே செல் கொண்ட இந்த உயிர் மீனின் தோலுக்கு அடியில் புகுந்து, அங்கேயே தின்று வளர்கிறது. அந்தக் கட்டத்தில் எந்த மருந்தும் அதை எட்டாது. வளர்ந்து முடிந்ததும் புள்ளி உதிர்ந்து, கல்லிலோ செடியிலோ போய் ஒட்டிக்கொள்ளும். மேலே ஓர் உறையை உருவாக்கிக்கொண்டு உள்ளே நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரம் வரைகூடப் பிரியும். உறை வெடித்து வெளியே நீந்திவரும் குஞ்சுகளுக்கு ஓரிரு நாளில் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவை செத்துவிடும். மருந்து வேலை செய்வது இந்த நீந்தும் நிலையில் மட்டுமே.

புள்ளிகள் உதிர்வதைப் பார்த்ததும் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துகிறார்கள். உண்மையில் அப்போதுதான் அடியில் பெருக்கம் நடந்துகொண்டிருக்கிறது. நாலைந்து நாள் கழித்து முன்பைவிடப் பல மடங்கு புள்ளிகளோடு நோய் திரும்பிவரும். இம்முறை எல்லா மீன்களுக்கும். நோய் கண்ட மீனை மட்டும் பிரித்து வைத்தாலும் கல்லில் ஒட்டியிருக்கும் உறைகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. எனவே வெண்புள்ளிக்குத் தொட்டி முழுவதற்கும் சிகிச்சை தேவை. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் தொடர வேண்டும்.

இதற்கு வெப்பம் பெரிய துணை. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று பல வாரம் நீளும். 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 30 டிகிரியில் பெரும்பாலும் அதனால் பெருக முடிவதில்லை. ஹீட்டரை மெல்ல மெல்ல ஏற்றி, ஓரிரு நாளில் அந்த அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தலாம். ஆனால் சூடான தண்ணீர் ஆக்ஸிஜனைக் குறைவாகத்தான் பிடித்து வைக்கும். ஏற்கெனவே செவுள் பாதிக்கப்பட்ட மீனுக்கு இது ஆபத்து. ஏர் பம்பைக் கூடுதலாக ஓடவிடாமல் சூட்டை ஏற்றக் கூடாது. கோல்டு ஃபிஷ் போன்ற குளிர்நீர் மீன்களுக்கு இந்த முறை ஏற்றதும் அல்ல. இரவில் ஏசி ஓடும் அறையில் ஹீட்டர் இல்லாத தொட்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பகலுக்கும் இரவுக்கும் நாலைந்து டிகிரி ஏறி இறங்கும் தண்ணீரில் மீன்கள் எதிர்ப்பு சக்தி குறைந்து, இந்த நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கின்றன.

இனி, வெள்ளையாகத் தெரிவதெல்லாம் வெண்புள்ளி என்று எண்ணிவிடக் கூடாது. வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியது போன்ற படலம், முதுகின் குறுக்கே சாம்பல் நிறப் பட்டை என்று வந்தால் அது பூஞ்சையாக இல்லாமல் காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோயாக இருக்கக்கூடும். வெப்பம் கூடினால் இந்தப் பாக்டீரியா வேகமாகப் பெருகும். ஓரிரு நாளிலேயே மீனைக் கொன்றுவிடும். வெண்புள்ளி என்று நினைத்து ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றினால், உதவி செய்வது நோய்க்குத்தான். புள்ளி தனித்தனியாக இருக்கிறதா, படலமாகப் பரவியிருக்கிறதா என்று கண்ணாடிக்கு அருகில் டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடாமல் சிகிச்சையைத் தொடங்கவே கூடாது.

காலம்னாரிஸ், வால் அழுகல், காயம், வயிறு வீக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தொட்டிதான் சரி. 20, 30 லிட்டர் பிடிக்கும் ஒரு பழைய தொட்டியோ பிளாஸ்டிக் டப்போ போதுமானது. அடியில் கல் வேண்டாம். பெரிய தொட்டியின் தண்ணீரையே நிரப்பி, அங்கே சில வாரம் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை இதில் மாட்டலாம். ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாயைப் போட்டால் மீன் அமைதியாகும். வலையும் தனியாக இருக்க வேண்டும்.

அடிபட்ட மீன் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஏஞ்சலின் நீண்ட துடுப்பையும் கப்பியின் வாலையும் டைகர் பார்ப் கடித்துக் கிழிப்பது அடிக்கடி நடப்பது. பார்க்க வால் அழுகல் போலவே இருக்கும். அங்கே தனியே எடுக்க வேண்டியது கடித்த மீனை.

மருந்தின் அளவும் கணக்காக இருக்க வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி கணக்குப்படி 56 லிட்டர் பிடிக்கும். அடியில் உள்ள கல்லையும் மேலே விட்டிருக்கும் இடைவெளியையும் கழித்தால் நிற்பது சுமார் 45 லிட்டர்தான். 56 லிட்டருக்கு அளந்து போட்டால் கால் பங்கு அதிகமாகிறது. டெட்ராவுக்கும் கோரிடோராஸுக்கும், செதிள் இல்லாத கெளுத்தி வகைகளுக்கும் இந்தக் கூடுதலே வினையாகலாம். மலாக்கைட் பச்சை கலந்த மருந்தை இவை இருக்கும் தொட்டியில் பாதி அளவில்தான் போடுவார்கள். தாமிரம் கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு வெண்புள்ளிக்கு உதவும், மாலி அதைத் தாராளமாகத் தாங்கும். தொட்டியில் உள்ள செடிகள் பல தாங்காது. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பு குறையாது என்பதையும் மறக்கக் கூடாது. ஆவியான தண்ணீருக்கு ஈடாக வெறும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஃபில்டரில் கரி இருந்தால் மருந்து போடும் முன் எடுத்துவிட வேண்டும். கரி மருந்தை உறிஞ்சிவிடும்.

மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கான டெட்ராசைக்ளின் மாத்திரையை வாங்கி உடைத்துத் தொட்டியில் போடும் பழக்கம் வேண்டாம். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்வதால் மீனுக்குப் போய்ச் சேர்வது சொற்பம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியா உருவாவதுதான் மிச்சம்.

எல்லா மீனையும் காப்பாற்ற முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நன்னீர் மீனின் உடம்புக்குள் தண்ணீர் இடைவிடாமல் புகுந்துகொண்டே இருக்கும். அதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அது செயலிழக்கும்போது உடம்பு ஊதி, செதிள்கள் எல்லாம் சிலிர்த்து நிற்கும். அந்த நிலைக்கு வந்த மீன் பிழைப்பது அரிது. நியான் டெட்ராவின் நிறத்தை வெளுக்கச் செய்யும் ஒட்டுண்ணி நோய்க்கும் மருந்து கிடையாது. இப்படிப்பட்ட மீனை நாள்கணக்கில் தவிக்க விடுவதைவிட, தனிப் பாத்திரத்தில் கிராம்பு எண்ணெய் கலந்து உணர்விழக்கச் செய்து, மூச்சு நின்ற பிறகும் அரை மணி நேரம் அதிலேயே விட்டுவிடுவது கருணையானது. தரையில் போட்டுத் துடிக்க விடுவதும், டாய்லெட்டில் ஊற்றுவதும் கொடுமை.

தொட்டிக்குள் கையை விடும்போது நம் கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மீன்களுக்குக் காசநோய் போன்ற நோயைத் தரும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி, கையில் உள்ள கீறல் வழியாக மனிதருக்கும் தொற்றி, ஆறாத கட்டியாக மாறும். வெட்டுக்காயம் இருந்தால் கையுறை அவசியம். அப்படிக் கட்டி வந்தால், வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது என்பதைத் தோல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

நோய் வந்த மீனையோ வளர்க்க முடியாத மீனையோ ஏரியிலும் கிணற்றிலும் விடுவது பலருக்குப் புண்ணியமாகத் தோன்றுகிறது. தென் அமெரிக்காவிலிருந்து தொட்டிக்காக வந்த சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருப்பது அப்படி விடப்பட்டதன் விளைவு. நோயுள்ள மீனோடு கிருமியும் போய்ச் சேரும்.

தொட்டிக்குள் நோய் வரும் வழி பெரும்பாலும் புதிதாக வாங்கும் மீன்தான். சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளில் பல பண்ணைகளின் மீன்கள் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் நிற்கின்றன; கடைக்காரர் எவ்வளவு நல்லவரானாலும், கவருக்குள் என்ன சேர்ந்து வருகிறது என்று அவராலும் சொல்ல முடியாது. அடுத்த முறை மீன் வாங்கக் கிளம்பும் முன் அந்தச் சின்னத் தனித்தொட்டியைத் தயார் செய்துவிட்டுப் போங்கள். கடைத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, புது மீனை நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு, மீனை மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.